வளவும் கிணறும்

ஒரு நாட்டின் வரலாறு அரசர்தம் அரண்மனைகளில் மட்டும் எழுதப்படுவதன்று. உழவனது வேலியிலும், கிணற்றுக் கட்டிலும், வாய்க்கால் வரம்பிலும் அது எழுதப்பட்டுக் கிடக்கின்றது. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் பழைய கமக்கார வளவை அவ்வாறு வாசிக்க முயல்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் பாறையின்மேற் செம்மண் படிந்த நிலம் இது. மாரி மழை பாறைப் பிளவுகளூடாக இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. இந்நீரை நம்பியே வளவுகள் எழுந்தன.

வளவின் முகப்பிலே கூரை வேய்ந்த சங்கடப்படலை. வழிப்போக்கன் அதன் நிழலில் இளைப்பாறுவான். உள்ளே தலைவாசலும், வீடும், அடுக்களையும் தனித்தனியே நிற்கும். மண்சுவர், சாணி மெழுகிய நிலம், ஓலைக் கூரை. அப்பால் மாட்டுக் கொட்டிலும் வைக்கோற்போரும். சுற்றிலும் கிளுவையும் பூவரசுமாகக் கதியால் வேலி. வேலி எல்லை மட்டுமன்று. அதன் குழை ஆட்டுக்கு உணவு, தோட்டத்துக்குப் பசளை. பனையோ கூரைக்கு ஓலையும், வளைக்கு மரமும், பஞ்சத்துக்கு ஒடியலும் தந்தது. வீணென எறியப்பட்டது ஒன்றுமில்லை.

தோட்டத்தின் உயிர் துலாக் கிணறு. துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்போர் சிலர். பட்டையைப் பிடித்து நீர் ஊற்றுபவர் ஒருவர். வாய்க்காலிலே தண்ணீர் மாறுபவர் இன்னொருவர். பலர் கூடினாலன்றிப் பயிர் நனையாது.

1619இற் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டனர். கொடி மாறியது, துலா மாறவில்லை. ஆயினும் புகையிலை தோட்டத்துட் புகுந்தது. திருவிதாங்கூர் வரை ஏற்றுமதியாகி வளவுக்குக் காசு கொணர்ந்தது. நம் மண்ணின் வழமைகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுத்தில் தொகுத்தார். அதுவே தேசவழமை. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் அதனை ஏற்றுக்கொண்டனர். காணியை விற்க எண்ணுவோன் முதலிற் பங்காளிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

எங்கள் ஆச்சியாரின் சீதன உறுதியை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். காணி சில பரப்பே. (ஏறத்தாழ 16 பரப்பு ஓர் ஏக்கர்.) ஆனாற் கிணற்றிற் பங்கும், வழியும், வாய்க்காலும் அங்கே கவனமாகக் குறிக்கப்பட்டிருந்தன. நிலத்தைப் பிரிக்கலாம், நீரைப் பிரித்தலாகாது என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர் அன்றோ!

பழமை அனைத்தும் பொன்னென்று கூறுதல் வரலாறாகாது. அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1844இலேதான். அதன் பின்னரும், வியர்வை சிந்தித் தோட்டத்துக்கு நீர் இறைத்தவருட் பலர், சாதியின் பெயரால், அக்கிணற்றிலே தம் கையால் அள்ளிக் குடிக்கத் தடுக்கப்பட்டனர். இது நாம் நாணத்தோடு நினைக்க வேண்டிய செய்தி.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா ஓய்ந்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் கமக்காரனை உயர்த்தின. 1977இன் திறந்த பொருளாதாரம் அவனைத் தளரச் செய்தது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் வளவுகள் பல உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன; 1995இல் வலிகாமமே பெயர்ந்தது. போர் முடிந்தபின் பகுதி பகுதியாகக் காணி விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோர் பலர் வேலியைக் காணாது, கிணற்றை அடையாளம் வைத்தே தம் வளவை அறிந்தனர்.

இன்றோ அக்கிணற்றுக்கே ஆபத்து. அளவின்றி இட்ட செயற்கைப் பசளையால் வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளது. மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும். வேலி பிரிக்கலாம், மதிலும் எழுப்பலாம். மதிலின் கீழே நீர் ஒன்றே.

இளைஞர்களே! வளவை மீட்க உறுதி போதும். நீரை மீட்க ஒற்றுமை வேண்டும். துலாவை மீண்டும் நாட்டுமாறு யாம் கூறவில்லை. பங்குக் கிணற்றின் அறத்தை, முன்பு விலக்கப்பட்டோருக்கும் உரியதாக்கி, மீண்டும் நாட்டுவோமாக.