பொண்ணுப் பேரோட ரெண்டாவது பாதி

மக்களே, இன்னைக்கு நோய் பத்தி இல்ல, பேர் பத்தி ஒரு த்ரெட்.

பெண் குழந்தை பிறந்தா பேருக்கு மாசக்கணக்கா தேடுறோம். நியூமராலஜி பார்க்கிறோம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஓட்டெடுப்பு நடத்துறோம். ஆனா முன்னாடி வர்ற இனிஷியலும், பேரோட ரெண்டாவது பாதியும் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிக்கிறதில்ல. ஆஸ்பத்திரி கவுண்ட்டர்ல பெண்கள் அலையுறது பெரும்பாலும் அதனாலதான்.

இங்கிலீஷ்காரங்க ரெண்டு பேரைச் சேர்த்து வைக்கணும்னா நடுவுல ஒரு கோடு போடுவாங்க. மேரி-ஆன், லில்லி-மே மாதிரி. நமக்குக் கோடே வேண்டாம். முத்து, லட்சுமி ரெண்டும் சேர்ந்தா முத்துலட்சுமி. தமிழ், செல்வி சேர்ந்தா தமிழ்ச்செல்வி. நடுவுல வந்து உட்கார்ற அந்த 'ச்' தான் நம்ம கோடு! ஜெயமேரி, பாத்திமா பீவி எல்லாமே இந்த ரெட்டைப் பேர் கணக்குதான்.

1916-ல மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கினார். வேதாசலம்ங்கிற தன் பேரையே மறைமலைன்னு மாத்திக்கிட்டவர். அதுக்கப்புறம் திராவிட இயக்கமும் வளர, வீட்டுக்கு வீடு கயல்விழி, மலர்விழி, பூங்கொடி வந்தாங்க. விஜயலட்சுமி போய் தமிழ்ச்செல்வி வந்தாலும் ரெண்டு சொல் சேர்ற அமைப்பு அப்படியே இருந்துச்சு. இப்போ பேருக்குப் பின்னாடி 'ஸ்ரீ' ஒட்டுறாங்களே, அதுவும் அதே அச்சுதான். 'போதும்பொண்ணு'வும் ரெண்டு சொல் சேர்ந்த பேர்தான். ஓ.பி.யில அந்தப் பேரைச் சத்தமா கூப்பிடவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இப்போ இனிஷியலுக்கு வருவோம். 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல முதல் சுயமரியாதை மாநாடு நடந்துச்சு. பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் போடக்கூடாதுன்னு அங்க தீர்மானம் போட்டாங்க. பெரியாரே நாயக்கர் பட்டத்தை விட்டார். இன்னைக்கு ஒரு தமிழர் பேரை வெச்சு சாதி கண்டுபிடிக்கிறது கஷ்டம்னா அதுல இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. என்னைக் கேட்டா நம்ம மாநிலம் செஞ்ச நல்ல காரியங்கள்ல ஒண்ணு.

ஊர், அப்பா பேரோட முதல் எழுத்தை முன்னாடி போடுற வழக்கம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. பட்டம் போனதும் அந்த எழுத்து மட்டும் நின்னுச்சு. ஆம்பளைக்கு அது சாகுற வரைக்கும் ஒரே எழுத்து. பொம்பளைக்கு மட்டும் தாலி கட்டினதும் எழுத்து மாறுது. கல்யாணம் ஆனா பேரை மாத்தியே ஆகணும்னு எந்தச் சட்டமும் கிடையாது, வெறும் பழக்கம்.

அந்த எழுத்து அப்பா இல்லேன்னா புருஷன் பேர்ல இருந்துதான் வரணுமா? எம்.எஸ்.சுப்புலட்சுமியை எடுத்துக்கோங்க. எம்னா மதுரை. எஸ்னா சண்முகவடிவு, அவங்க அம்மா, வீணைக் கலைஞர். எம்.எல்.வசந்தகுமாரியில எம்னா மெட்ராஸ், எல்னா அம்மா லலிதாங்கி, அவங்களும் பாடகி. டி.கே.பட்டம்மாள்ல மட்டும் ஊர் தாமல், அப்பா கிருஷ்ணசுவாமி. கர்நாடக இசையில பெண் மும்மூர்த்திகள்னு இவங்க மூணு பேரையும் கொண்டாடுறோம். அதுல ரெண்டு பேர் அம்மா இனிஷியல். கல்யாணம் ஆகியும் மூணு பேருமே எழுத்தை மாத்தல. அம்மா இனிஷியலை இன்னைக்கு வந்த புதுமை மாதிரி பேசுறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

எங்க துறையிலயே ஒருத்தர் இருக்காங்க. 1886-ல புதுக்கோட்டையில பிறந்த டாக்டர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி, அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபுல வந்தவங்க. 1912-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் பட்டம் வாங்குறப்போ அவங்க பேர்ல 'ரெட்டி' கிடையாது. 1914-ல டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ண பிறகு வந்த பேர் அது. பட்டம் வாங்கினதும், சட்டமன்றம் போனதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினதும், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினதும் அவங்க. பேர்ல நிக்கிறது அவர் பட்டம்.

அவங்க பேர்லதான் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கு. பணம் தாயோட பேங்க் கணக்குக்குத்தான் போகணும். இங்கதான் சிக்கலே. ஆதார்ல அப்பா இனிஷியல். ரேஷன் கார்டுல புருஷன் இனிஷியல். பாஸ்புக்ல இனிஷியலே இல்ல, அல்லது தமிழ்ச்செல்வியை இங்கிலீஷ்ல ரெண்டா உடைச்சு, 'செல்வி'யைக் குடும்பப் பேராக்கி வெச்சிருப்பாங்க. பேர் ஒத்துவரலேன்னு பணம் நிக்கும். பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோட பேங்குக்கும் இ-சேவை மையத்துக்கும் நடப்பா. அவ புருஷனுக்கு இந்த அலைச்சல் ஒருநாளும் வந்திருக்காது, ஏன்னா அவர் எழுத்து மாறவே இல்ல.

குழந்தை விஷயத்துல இது இன்னும் இறுகியிருக்கு. 2023-ல பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்தைத் திருத்தினாங்க. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு ஸ்கூல், ஓட்டர் லிஸ்ட், பாஸ்போர்ட், அரசு வேலைன்னு எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதனால கொஞ்சம் கவனமா இருங்க.

பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும். பேர் முடிவாகலேன்னா பேர் இல்லாமலே பதியலாம். ஒரு வருஷத்துக்குள்ள பேரைச் சேர்த்தா கட்டணம் இல்ல. அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். ஆனா பதிஞ்ச பேரை மாத்துறது லேசுல நடக்காது. நியூமராலஜிக்காரர் கூடுதலா ஒரு 'ஹெச்' போடச் சொன்னா பதியுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. ரெட்டைப் பேர்னா இங்கிலீஷ்ல சேர்த்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமான்னும் அப்பவே தீர்மானிச்சிடுங்க, எல்லா இடத்துலயும் அதே மாதிரி எழுதுங்க.

இனிஷியல்? அம்மா எழுத்து, அப்பா எழுத்து ரெண்டையும் சேர்த்து வைக்கிற பெற்றோர் இப்போ இருக்காங்க. எதை வெச்சாலும், அவளுக்குக் கல்யாணம் ஆகுறப்போ அதை மாத்தச் சொல்லாதீங்க.