செக்ரோலில் இல்லாத பிள்ளைகள்

"சின்ன வயசுல வேலைக்குப் போயிருக்கீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டால் இல்லை என்பார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் வேறு கதை வரும். எழுபதுகளில், பள்ளி விடுமுறையில், விடியும் முன்னே பாட்டியோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்தது, ஒட்டுப்பால் பிடுங்கியது. "அதெல்லாம் வேலையா? எங்கம்மாவுக்கு ஒத்தாசைலா." சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் 1966லேயே வந்துவிட்டது. தோட்டத்துச் செக்ரோலில் பாட்டியின் பெயர் இருந்தது. அம்மாவின் பெயர் இல்லை.

உலகக் கணக்கும் நெடுங்காலம் அந்தச் செக்ரோல் மாதிரிதான் இருந்திருக்கிறது. அரசுகள் கொடுத்த புள்ளிவிவரங்களை வைத்து, 1995இல் உழைத்த பிள்ளைகள் 73 மில்லியன் என்றது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு. பிறகு 250 மில்லியன் என்றது. முதல் கணக்கு 10 முதல் 14 வயதுவரை மட்டும், அடுத்தது 5 வயதிலிருந்து. அது ஒரு காரணம். ஆனால் கேள்வியும் மாறியிருந்தது. கானா, இந்தியா, இந்தோனேசியா, செனகல் ஆகிய நாடுகளில் வீடு வீடாகப் போய்ச் சோதனை ஆய்வு நடத்தியிருந்தார்கள். கூலியில்லாத வேலை, பகுதிநேர வேலை எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன.

வீடு வீடாகப் போகக் காசு வேண்டும். 1992இல் ஜெர்மன் அரசின் பணத்தில் அந்த அமைப்பின் குழந்தை உழைப்பு ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பிறகு அமெரிக்கத் தொழிலாளர் துறை பெரிய கொடையாளியானது. வெறும் தர்ம சிந்தனை என்று நான் நம்பவில்லை. மலிவான இறக்குமதி தங்கள் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறது என்ற பயமும் அதில் இருந்தது. 1992இல் செனட்டர் டாம் ஹார்கின் இறக்குமதித் தடை மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவே இல்லை. ஆனாலும் பயந்துபோன பங்களாதேஷ் ஆடைத் தொழிற்சாலைகள் பிள்ளைகளை வெளியே அனுப்பின. பள்ளிக்கா போனார்கள்? பலர் கல் உடைக்கப் போனார்கள். விசாரிக்காமல் செய்த நல்லதின் விலை அது.

2009இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை, குழந்தை உழைப்பாலோ கட்டாய உழைப்பாலோ உருவாகும் பொருள்களின் முதல் பட்டியலை வெளியிட்டது: 58 நாடுகள், 122 பொருள்கள். மலேசியச் செம்பனை எண்ணெயும் அந்தத் துறையின் பட்டியலில் சிக்கியது. இங்கே பலருக்கும் கோபம். நியாயமான கோபம்தான். குறைந்தபட்ச வயது உடன்படிக்கையை மலேசியா 1997இலேயே ஏற்றது. அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை. அங்கே பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்யலாம்.

ஆனால் நம் அரசே 2018இல் செம்பனைத் தோட்டங்களில் ஆய்வு நடத்தியபோது சுமார் 33,600 பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள். சபாவிலும் சரவாக்கிலும்தான் அதிகம். அப்பா குலை வெட்ட, பிள்ளை உதிரிப் பழம் பொறுக்கும். சபாவில் பல பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமே கிடையாது. செக்ரோலுக்கு எங்கே போவது? அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாவம், படிக்க விடமாட்டாங்களா?" என்றார். தன்னை அந்தக் கணக்கில் அவர் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

2025 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் வெளிநாட்டு மானியங்களை ஒரேயடியாக நிறுத்தியது. 69 திட்டங்கள். மூன்று மாதம் கழித்துப் புதிய உலகக் கணக்கு வந்தது: 138 மில்லியன். அது 2024ஆம் ஆண்டுக்கான கணக்கு.