கடன்பட்டவரின் சம்மதம்: சிறுநீரக விற்பனையும் காவிரிப் படுகையின் சட்ட அனுபவமும்

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், திருப்பாம்புரத்து வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு அடிமைகளாக விற்றார். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சம் அது. கல்வெட்டின்படி விற்றவர் அவரேதான். சிறுநீரக விற்பனையில் ‘அவராகத்தானே கொடுத்தார்’ என்ற வாதம் எழும்போது இந்தக் கல்வெட்டை முன்வைத்தே பேச வேண்டும்.

வாதம் அற்பமானதன்று. தன் உடல்மீது ஏழைக்கு உரிமையில்லையா, ஈரானைப் போல அரசே முறைப்படுத்தினால் தரகர் ஒழிவாரே என்கிறார்கள். ஆனால் விற்றவர்களின் நிலை என்ன ஆயிற்று? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நடத்திய ஆய்வு மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. கடனடைக்க விற்றவர்கள் 96 விழுக்காடு. பேசிய தொகை சராசரியாக 1,410 டாலர். கைக்கு வந்தது 1,070. விற்றுச் சராசரியாக ஆறாண்டு கழிந்த பிறகும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. பலருக்கு அறுத்த இடத்தில் வலி, தீராத முதுகுவலி. சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுபவருக்கும், களத்தில் நெல் மூட்டை தூக்குபவருக்கும் முதுகுதான் முதல். அது போனால் வட்டி கட்டவும் வழியில்லை. விலையைக் கூட்டினாலும் ஒரு கடன்தான் அடையும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத ஆண்டில் குறுவையும் கூலியும் போய்விடும். குழுக்கடன் தவணை மட்டும் தவறாமல் வாசலுக்கு வரும்.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடுத்தது சரியே. ஆனால் 2011 திருத்தத்துக்குப் பின் பணம் கொடுத்தவர், வாங்கியவர், தரகர் எல்லோருக்கும் ஒரே தண்டனை: 5 முதல் 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 20 லட்சம் ரூபாய் அபராதம். இருபதாயிரம் கடனுக்கு உடலை அறுத்துக்கொண்டவருக்கும் இதுவே! பேசிய பணத்தைத் தராமல் தரகர் ஏமாற்றினால் விற்றவர் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவார்? 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விற்கப்பட்ட செய்தி வெடித்தது. திருச்சி, பெரம்பலூர்ப் பகுதி மருத்துவமனைகள் வரை விசாரணை நீண்டது. அதன்பிறகும் ஏமாந்தவருக்கும் ஏமாற்றியவருக்கும் ஒரே தண்டனை என்ற முரண் தீரவில்லை.

ஆனால் காவிரிப் படுகைக்கு வேறொரு சட்ட அனுபவம் உண்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடனில் கட்டுண்டு கிடந்தவர் பண்ணையாள். ‘சம்மதித்துத்தானே வேலை செய்கிறான்’ என்பதே மிராசுதாரரின் பதிலாக இருந்தது. 1952இல் வந்த தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பதிலை முழுதாக ஏற்கவில்லை. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் மேலே போய், கொத்தடிமைக் கடனையே செல்லாததாக்கியது. கட்டுண்டவரை அது குற்றவாளியாக்கவில்லை. கடனுக்காக உழைப்பைக் கொடுத்தவர் பாதிக்கப்பட்டவர், கடனுக்காக உறுப்பைக் கொடுத்தவர் குற்றவாளி என்பதை எந்த நீதியால் தாங்க முடியும்?

உறுப்புத் தட்டுப்பாடு உண்மைதான். அதற்கு வழி, 2008 முதல் தமிழகம் வளர்த்துவரும் மூளைச்சாவு உறுப்புக்கொடை. உயிருள்ள கொடையாளரைப் பொறுத்தவரை, உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு மூன்றாண்டு வருமானச் சான்று கேட்கிறது. கடன் விவரத்தையும் கேட்கட்டும். விற்றது பிறகு தெரியவந்தால் தரகர்மீதும் மருத்துவமனைமீதும் வழக்கு, விற்றவருக்குத் தண்டனை விலக்கு, அரசு மருத்துவமனையில் வாழ்நாள் சிகிச்சை, எந்தக் கடனுக்காக விற்றாரோ அந்தக் கடன் ரத்து: 1994 சட்டத்தில் சேர வேண்டிய பிரிவு இது.