பழைய கார் மீட்டமைப்பு

பழைய கார் மீட்டமைப்பு என்பது ஒரு காரை அது ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலைக்கே கொண்டுவரும் கைத்தொழில். ஓடவைத்தால் போதும் என்ற பழுதுபார்ப்பிலிருந்து இது வேறுபட்டது. வண்ணம், துணியுறை, திருகாணி வரை அசலோடு ஒத்துப்போக வேண்டும்.

எடுத்துக்காட்டு: செவர்லே நிறுவனத்தின் 1953 கார்வெட். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் அவ்வாண்டு 300 கார்களே உருவாயின. எல்லாமே வெள்ளை, உள்ளே சிவப்பு. கண்ணாடியிழை உடல், ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர், 150 குதிரைத்திறன், இரு வேகத் தானியங்கிக் கியர். கதவுக்கு வெளிக் கைப்பிடி கிடையாது. உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடிக்குப் பதில் கழற்றி மாட்டும் பக்கத் திரைகள். முகப்பு விளக்குகளின் மேல் கம்பிவலை. வசதிக்காக இவற்றை மாற்றினால் காரின் அசல்தன்மை போய்விடும். ஆலை தந்ததைவிட மிகுதியாக மெருகேற்றுவதும் குறையே. 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்டமைப்பாளர் சங்கம் இவ்வடிப்படையில் மதிப்பெண் இடுகிறது.

இந்தியாவில் 2021 மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளை 'விண்டேஜ்' என வகைப்படுத்தியது. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 ஆண்டு செல்லும். எடுத்துக்காட்டாக, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் வழக்கமான பதிவெண் 'கே.ஏ. 08' எனத் தொடங்கும். புதிதாகப் பதியும் விண்டேஜ் ஊர்திக்கு 'கே.ஏ. வி.ஏ.' வரிசை. ஏற்கெனவே பதிவான ஊர்தி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் அனுமதியில்லை. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம். கோயம்புத்தூர் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைக் காணலாம்.