நெட்டால் கப்பலில் நம்ம சனங்க

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்தவர்களின் கதை நமக்கு நிறையவே கிடைக்கிறது. சீமைக்குப் படிக்கப் போனவர் கூடவே சமையல்காரனைக் கூட்டிப் போனது, திரும்பி வந்து பிராயச்சித்தம் செய்தது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். காத்துக்கொள்ள அப்படி ஒரு சாதி இல்லாதவன் கப்பலேறிய கதை எங்கே?

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து கிளம்பியது. நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. 342 பேர். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன முதல் கப்பல் இதுதான். 1911-இல் இந்த ஆள்பிடிப்பு நிற்கும்வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிழவிகள் வாயில் அது 'நெட்டாலு'.

ஏன் போனார்கள்? 'ஆசை காட்டி ஏமாத்திட்டான் கங்காணி' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஏமாற்று இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர்கள் நிலைமை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையைப் படியுங்கள். குடியிருக்கும் மனைகூட சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் குடிசையைப் பிரித்தெறிந்து துரத்தலாம். தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டால் மிராசுப் பாத்தியதை என்று மறிப்பான். அடுத்த ஆண்டே பஞ்சமி நில ஆணை வர இந்த அறிக்கைதான் காரணம். ட்ரூரோ போய் முப்பது வருஷம் கழிந்தும் இதுதான் நிலைமை என்றால், அன்றைக்குக் கப்பலேறியவனை ஏமாளி என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1860-இல் சென்னையில் துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டு போவார்கள். ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் ஏறும். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு. சாதிப் பத்தியில் சிலருக்கு 'பறையன்', சிலருக்கு 'கிறிஸ்தவன்', சிலருக்கு வெறும் 'மலபார்' என்றே இருக்கிறது. சாதி கேட்டவனுக்கு 'கிறிஸ்தவன்' என்று பதில் சொன்னவன் அந்த இடத்திலேயே ஒரு காரியம் செய்துவிட்டான் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

மேல்தளத்துக்குக் கீழே வரிசையாகப் படுக்கை. தனி ஆண்கள் முன்பக்கம், குடும்பம் நடுவில், தனிப் பெண்கள் பின்பக்கம். அரிசி, பருப்பு, கருவாடு, புளி, மிளகாய், மஞ்சள் எல்லாம் அளந்துதான். தண்ணீரும் அளவு. புயலில் அடுப்பு மூட்ட முடியாத நாளில் அவல் மாதிரி உலர்ந்த தீனி. காலையில் எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டுக் கீழ்த்தளத்தைத் தேய்த்துப் புகை போடுவார்கள். ஒரே அடுப்புச் சோறு, ஒரே பீப்பாய்த் தண்ணீர், பக்கத்துப் படுக்கை. ஊரில் கிணற்றுப் பக்கம் போனால் உதைத்தவன் இங்கே நம்மாளுக்குப் பின்னால் வரிசையில் நின்றான்.

அதற்காகக் கப்பலைச் சமத்துவபுரம் ஆக்கிவிட வேண்டாம். கல்கத்தாவிலிருந்து போன கப்பல்களில் சமையலுக்குப் 'பண்டாரி' என்று மேல்சாதி ஆளைப் பார்த்து எடுத்தார்கள். கக்கூஸ் கழுவ 'டோப்பாஸ்'. அந்த வேலைக்கு எந்தச் சாதி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வெள்ளைக்காரன் நிர்வாகம் சாதியை ஒழிக்கவில்லை, வசதிப்பட்ட இடத்தில் வைத்துக்கொண்டது.

டாக்டருக்குச் சன்மானம் உயிரோடு கரை இறக்கிய தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் சனங்கள் சோர்ந்து சாகக் கூடாதென்று சாயங்காலம் பாட்டும் கூத்தும் மேளமும் அடிக்க விட்டார்கள். இங்கிலீஷ்காரன் எல்லா மேளத்தையும் 'டாம்டாம்' என்றே எழுதி வைத்தான். ஊருக்குள் சாவுக்கு மட்டும் கூப்பிட்டு அடிக்கச் சொன்ன கைக்கு, கப்பலில் அது சாவைத் தடுக்கிற மருந்து! மருந்து எப்போதும் பலித்ததில்லை. ட்ரூரோவுக்குப் பத்து நாள் பின்னால் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த 'பெல்வடீர்' கப்பலில் காலரா பாய்ந்தது. செத்தவரைக் கடலில்தான் போட்டார்கள்.

1871-இல் முதல் கூட்டம் 'ரெட் ரைடிங் ஹூட்' கப்பலில் சென்னை திரும்பியது. வந்தவர்கள் வாய் மூடிக்கொண்டிருக்கவில்லை. சவுக்கடி, கூலிப் பிடித்தம் எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் புகாராகச் சொன்னார்கள். அதனால் 1872-இல் நேட்டாலில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இந்திய அரசு 1874-இல்தான் மறுபடி ஆள் அனுப்பச் சம்மதித்தது. போன கூலி சொன்ன சொல்லுக்குச் சர்க்கார் பதில் சொல்ல வேண்டி வந்தது.

செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் இதே கடலைத் தாண்டியவர்தான், ஆனால் கூலியாக அல்ல. சீமைக்கென்று கிளம்பி, தென்னாப்பிரிக்காவில் தங்கி, நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கூண்டில் நின்ற நம்ம சனங்களின் பேச்சு துரைமார் காதுக்குப் போகும் இடத்தில் வேலை. 1921-இல் ஊர் திரும்பினார். 1924-இல் சென்னைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் தாழ்த்தப்பட்டவருக்கு உரிமை உண்டு என்பது.