சோபா கம் பெட் வாங்கப் போறீங்களா? மேல் துணியை விடுங்க... அடியில இருக்குற கம்பியைப் பாருங்க!

தாம்பரம்:

ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், சேலையூர் பக்கம் வாடகைக்கு குடியிருக்கும் பல குடும்பங்களுக்கு வீடு என்றால் இவ்வளவுதான். பெட்ரூமில் பிள்ளைகள் படுத்து விட்டால் பெரியவர்களுக்கு ஹால்தான் கதி. சானடோரியம் மெப்சில் நைட் ஷிப்ட் முடித்து விட்டு காலையில் வந்து படுப்பவருக்கும் அதே ஹால்தான்.

அதனால்தான் "பகலில் சோபா, ராத்திரியில் கட்டில்" என்று சொன்னதும் சட்டென்று மயங்கி விடுகிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாக இருக்கும் பர்னிச்சர் கடைகளில் ஏறி கலர் பார்க்கிறோம், துணியை தடவிப் பார்க்கிறோம், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறோம். தவணையில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு கொண்டு வந்து விடுகிறோம்.

ஆனால் சோபா கம் பெட் கெட்டுப் போவது துணியால் அல்ல. மடக்கி விரிக்கும் மெக்கானிசத்தால்தான்.

எங்கள் வீட்டிலேயே நடந்த கதை இது. ஆசையாக வாங்கிய சோபா எட்டே மாதத்தில் ஒரு பக்கம் இறங்கி விட்டது. ஊரில் இருந்து ஆஸ்பத்திரிக்கு காட்ட வந்திருந்த அம்மா, நடு ராத்திரியில் சரிந்து சுவரில் இடித்துக் கொண்டார். அடியில் புரட்டிப் பார்த்தால் கீல் கழன்று தொங்குகிறது. தவணை மட்டும் இன்னும் 4 மாதம் பாக்கி!

உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம். வாங்குவதற்கு முன் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

முதல் கேள்வி இதுதான்

தினமும் படுக்கப் போகிறீர்களா, விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கப் போகிறீர்களா? கடைக்கு போகும் முன் வீட்டிலேயே இதை முடிவு செய்து கொள்ளுங்கள்.

ராத்திரி ஒரு தடவை விரிக்கிறோம், காலையில் ஒரு தடவை மடக்குகிறோம். ஒரு நாளைக்கு 2 தடவை என்றால் வருஷத்துக்கு 730 தடவை. 5 வருஷத்தில் 3 ஆயிரத்து 650 தடவை. மாதத்துக்கு 2 தடவை மட்டும் விருந்தாளிக்காக விரிப்பவருக்கு வருஷத்துக்கு 48 தடவைதான் ஆகும். அவர் வீட்டில் 10 வருஷம் ஓடும் அதே கீல், உங்கள் வீட்டில் ஒரு வருஷத்திலேயே தேய்ந்து விடலாம்.

எத்தனை வகை இருக்கு?

1. இழுவை வகை: உட்காரும் பலகைக்கு அடியில் இன்னொரு பலகை டிராயர் மாதிரி இருக்கும். முன்னால் இழுத்தால் வெளியே வரும். சாய்மான மெத்தையை எடுத்து அதன் மேல் போட்டால் கட்டில் ரெடி. இதில் கீல் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. பாரம் முழுவதும் கால்கள் வழியாக தரைக்கு போய் விடும். கெட்டுப் போனால் சக்கரம்தான் போகும், அல்லது சட்டம் ஓடும் தடம் தேயும். பக்கத்து தெரு ஆசாரியே சரி செய்து விடுவார். தினமும் படுப்பவர்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ்.

2. கிளிக் கிளாக் வகை: சாய்மானத்தை முன்னால் இழுத்தால் "கிளிக்" என்று சத்தம் கேட்கும். விட்டால் பின்னால் படுத்து விடும். இரண்டு பக்கமும் பல் வைத்த கீல் இருக்கும். விரிப்பது சுலபம், விலையும் குறைவு. ஆனால் சாய்மானத்தின் பாரம் பெரும்பாலும் அந்த இரண்டு கீல் மேலேயே விழும். படுக்கையாக விரித்த பிறகு பின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்தால் கீலுக்கு வேட்டுதான். ஒரு பக்கம் பல் தேய்ந்தால் மறு பக்கமும் சேர்ந்து கோணும். கீல் மாற்ற வேண்டி வந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். எப்போதாவது விரிப்பவர்களுக்கு இது போதும்.

3. இரும்பு மடிப்பு வகை: மெத்தையோடு சேர்ந்து இரும்பு பிரேம் இரண்டாக அல்லது மூன்றாக மடிந்து சோபாவுக்குள் போய் விடும். பார்க்க ஜோர். ஆனால் இதில்தான் இணைப்புகள் அதிகம். எத்தனை இணைப்போ அத்தனை இடத்தில் ஆட்டம் வரலாம். உள்ளே மடிய வேண்டும் என்பதால் மெத்தையும் ஒல்லியாகத்தான் இருக்கும். முதுகுக்கு குறுக்கே கம்பி குத்துகிறதா என்று படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

4. ஹைட்ராலிக் தூக்கி வகை: இருக்கையை தூக்கினால் அடியில் தலையணை, போர்வை வைக்க இடம் இருக்கும். பலகையை தாங்கிப் பிடிப்பது கேஸ் அடைத்த ஒரு குழாய். நாள் ஆக ஆக கேஸ் குறைந்து போகும். அப்போது பலகை திடீரென்று கீழே விழும். கையோ, குழந்தையின் தலையோ உள்ளே இருந்தால் ஆபத்து. பாதி தூக்கி விட்டு கையை எடுத்தால் சரசரவென்று இறங்குகிறது என்றால் அந்த குழாயை மாற்ற வேண்டிய நேரம் வந்து விட்டது.

5. மெக்கானிசமே இல்லாத வகை: வெறும் ஃபோம் மெத்தையை மடித்து வைத்தால் சோபா, விரித்தால் படுக்கை. உடைய எதுவும் இல்லை. மடிப்பு விழும் இடத்தில் மட்டும் ஃபோம் அமுங்கும். 32 டென்சிட்டிக்கு குறையாமல் கேளுங்கள், 40 கிடைத்தால் நல்லது. தரையோடு தரையாக இருப்பதால் மூட்டு வலி உள்ளவர்கள் எழுந்திருக்க சிரமப்படுவார்கள்.

கேஜ் கணக்கு... ஏமாறாதீங்க!

இரும்பு பைப்பின் கனத்தை கடைக்காரர்கள் "கேஜ்" கணக்கில் சொல்வார்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு. நம்பர் கூடினால் கனம் குறைவு! 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லி மீட்டர். 18 கேஜ் என்றால் 1.2 மில்லி மீட்டர். 20 கேஜ் என்றால் 0.9 மில்லி மீட்டர்தான். "சார், இது 20 கேஜ், அது வெறும் 16" என்று யாராவது பெருமையாக சொன்னால் உஷார்!

தினமும் படுக்கும் கட்டிலுக்கு 16 கேஜ் பைப் கேளுங்கள். பைப் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை கழற்றினால் கனம் கண்ணுக்கே தெரியும்.

புரட்டிப் பாருங்க

கடையில் சோபாவை கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். யோசிக்க வேண்டாம், காசு நம்முடையது. அடியில் பார்க்க வேண்டியவை:-

* வெல்டிங் பைப்பை சுற்றி முழுசாக ஓடியிருக்கிறதா, இரண்டு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி விட்டிருக்கிறார்களா?

* இணைப்பில் ரிவெட் அடித்திருக்கிறார்களா, போல்ட் நட்டு போட்டிருக்கிறார்களா? ரிவெட் தளர்ந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். போல்ட் என்றால் நாமே ஸ்பேனர் வைத்து முறுக்கிக் கொள்ளலாம். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு சீக்கிரம் கழலாது.

* கீலை எதில் பொருத்தியிருக்கிறார்கள்? மரத்தூளை அழுத்தி செய்த பலகையில் ஸ்குரூ ஒரு தடவை கழன்றால் மறுபடி பிடிக்காது. கெட்டி மரத்தில் அல்லது நல்ல பிளைவுட்டில் துளை போட்டு போல்ட் மாட்டியிருக்க வேண்டும்.

* பிளைவுட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு பி.டபிள்யூ.ஆர். அல்லது ஐ.எஸ். 710 என்று இருக்கிறதா பாருங்கள். இவை தண்ணீர் பட்டாலும் ஓரளவு தாங்கும்.

இந்த கடைசி விஷயம் நம்ம ஏரியாவுக்கு ரொம்ப முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறக்க முடியாது. மரத்தூள் பலகை ஒரு தடவை ஊறினால் உப்பி உதிர்ந்து விடும். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் அடிப்பலகை தரையை ஒட்டி இருக்கும் மாடலை தவிர்த்து, கால் உயரமாக உள்ளதை வாங்குவது நல்லது.

குழந்தை திறந்த கட்டில்!

சோபா கட்டில் ஒன்றும் புது விஷயம் இல்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பர்னிச்சர் கடை வைத்த சாரா குட் என்ற பெண், மடக்கினால் மேஜையாகி விடும் கட்டிலுக்கு 1885-ல் காப்புரிமை வாங்கினார். சின்ன வீட்டில் குடியிருந்தவர்களுக்கு என்றே அதை செய்தார்.

நியூயார்க்கில் சோபா கட்டில் விற்ற பெர்னார்டு காஸ்ட்ரோ 1948-ல் டி.வி. விளம்பரத்தில் தன் 4 வயது மகளை விட்டே அதை திறந்து காட்ட வைத்தார். குழந்தையே திறக்கலாம், அவ்வளவு சுலபம் என்பதுதான் விளம்பரம்.

இந்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஆனால் குழந்தையை வைத்து வேண்டாம், கீலில் விரல் மாட்டிக் கொள்ளும். வீட்டில் தினமும் யார் விரிக்கப் போகிறார்களோ, அவரை கடைக்கு அழைத்துப் போங்கள். விரித்து மடக்க இரண்டு ஆள் வேண்டும் என்றால் அந்த மாடல் உங்களுக்கு சரிப்படாது.

10 தடவை டெஸ்ட்

கடையிலேயே 10 தடவை விரித்து மடக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கீல் கோணல். விரித்த பிறகு நான்கு மூலையிலும் உட்கார்ந்து பாருங்கள். எந்த காலாவது தரையில் படாமல் தூக்கி நின்றால் வேண்டாம். நடுவில் படுத்து புரண்டு பாருங்கள், கிறீச் சத்தம் வரக் கூடாது.

டேப் எடுத்துப் போக மறக்காதீர்கள். சோபாவாக இருக்கும்போது 3 அடி இடம் பிடிப்பது, விரித்தால் 6 அடி வரை போகும். கிளிக் கிளாக் என்றால் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் இடம் விட வேண்டும். வாசல் நிலையையும், மாடிப்படி திருப்பத்தையும் அளந்து கொள்ளுங்கள்.

பழசு வாங்கலாமா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய பர்னிச்சர் கிடைக்கும். இழுவை வகை என்றால் தைரியமாக பார்க்கலாம். சக்கரம் மாற்றினால் வேலை முடிந்தது. பழைய கிளிக் கிளாக், பழைய இரும்பு மடிப்பு வேண்டவே வேண்டாம். எத்தனை ஆயிரம் தடவை மடக்கியது என்று யாருக்கு தெரியும்?

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லி விடுவோம். வருஷத்துக்கு நாலு தடவைதான் விருந்தாளி வருவார் என்றால் சோபா கம் பெட்டே தேவை இல்லை. சாதா சோபாவும், நைலான் பட்டை போட்ட ஒரு மடக்குக் கட்டிலும் போதும். பட்டை தொய்ந்தால் மாற்றிக் கொள்ளலாம்.

பராமரிப்பு எப்படி?

3 மாதத்துக்கு ஒரு தடவை போல்ட்டுகளை முறுக்கி விடுங்கள். இணைப்பில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி தூசியை பிடிக்கும். சக்கரத்தில் சுற்றிய முடியை எடுத்து விடுங்கள். வீடு துடைக்கும் ஈரம் கால் பைப்பில் ஏறி துருப்பிடிக்கும். காலுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் ரெட் ஆக்சைடு தொட்டு வையுங்கள். பிள்ளைகளை மேலே குதிக்க விடாதீர்கள்.

பில் முக்கியம்

"அஞ்சு வருஷம் வாரண்டி" என்று வாயால் சொன்னால் போதாது. அது மர பிரேமுக்கா, துணிக்கா, மெக்கானிசத்துக்கா என்று பில்லிலேயே தனியாக எழுதி வாங்குங்கள். கீல் உடைந்தால் தனியாக கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

கடைக்காரர் கை விரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம் பகுதி மக்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். பொருளுக்கு கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

எதற்கும் பில் வேண்டும். எங்கள் வீட்டு சோபாவுக்கு பில் இல்லை, வெறும் துண்டுச் சீட்டுதான். கீல் மாற்ற கை காசுதான் போனது.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், 10 தடவை மடக்கிப் பாருங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ராத்திரி அதில் படுக்கப் போறது நம்ம வீட்டு ஆளுங்கதானே!