வள்ளியின் சுற்றத்தார்: கதிர்காம வழிநடையும் ஈழத்து வேடரும்

யாழ்ப்பாணக் குடாநாடு மலையும் பேராறும் இல்லாதது. சுண்ணக்கல்லின்மேற் படிந்த செம்மண்ணும், கிணற்று நீரும், பனையுமே இந்நாட்டாரின் செல்வம். பெருங்காட்டைக் காண விரும்புவோர் ஆனையிறவைக் கடந்து வன்னிக்குச் செல்லல் வேண்டும். எனினும், காடும் கானாறும் வனவிலங்கும் நம் முன்னோர் அறியாப் பொருள்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக இங்கிருந்து கதிர்காமத்துக்குக் காலால் நடந்து சென்ற அடியார்கள் அவற்றினூடே சென்று மீண்டனர். அவர்கள் சென்ற வழியிற் பெரும்பகுதி வேடர் வாழ்ந்த நிலமாகும். அந்நிலத்துக்கு வேறு பலரும் சென்றுள்ளனர். சிறைப்பட்டுச் சென்றோரும், ஆராயச் சென்றோரும், வேட்கையாற் சென்றோரும் அவருள் அடங்குவர். இவர்கள் வேடரை எவ்வாறு கண்டனர் என்பதும், அதனால் வேடர்க்கு விளைந்தது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் அவ்வழியின் இயல்பை நோக்குவோம். தொண்டைமானாற்றங்கரையில் விளங்கும் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அடியார் புறப்படுவர். வன்னியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைத் தரிசித்துத் திருக்கோணமலை சேர்வர். பின்னர் மகாவலி கடலொடு கலக்கும் கொட்டியாரப் பகுதியைக் கடந்து, வெருகல், கதிரவெளி, வாகரை வழியாக மட்டக்களப்பை அடைவர். அங்கிருந்து திருக்கோயில், பொத்துவில் எனக் கடலோரமாய்த் தெற்கே நடந்து உகந்தைமலையை எய்துவர். உகந்தைக்கு அப்பாற் காடே எல்லை. பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த உலர்காட்டினிடையே குமணையின் நீர்நிலைகள் உள்ளன. அங்கே கூழைக்கடாவும் நாரையும் கூட்டங் கூட்டமாகத் தங்கும். குமுக்கனாற்றைக் கடந்து யாலக் காட்டினுட் புகுந்து, மாணிக்க கங்கையில் நீராடினாற் கதிர்காமம் வந்ததென்க. முழுவழியும் நடப்பார்க்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் செல்லும்.

ஆடி விழாவுக்கு உரிய இக்காலம் கிழக்கில் கச்சான் காற்று வீசும் வறள்காலம். குளங்கள் வற்றிவிட, ஆற்று மணலைத் தோண்டி ஊறும் நீரையே அடியார் பருகுவர். பாலைப்பழம் பழுப்பதும் இப்பருவத்திலேயே. அதனைக் கரடியும் உண்ணும், வழிச்செல்வோரும் உண்பர். யானை எதிர்ப்பட்டால் "அரோகரா" என்று கூவி ஒதுங்கி நிற்பர். வழியிற் சாதியும் செல்வமும் பேசப்படா; எல்லாரும் ஒருவரையொருவர் "சாமி" என்றே அழைப்பர். நல்லூர்ச் செல்லப்பா சுவாமிகளின் மாணவராகிய யோகர் சுவாமிகளும் 1910-ஆம் ஆண்டிற் கதிர்காமத்துக்கு இவ்வாறு நடந்து சென்றார் என்பர்.

இனி, இக்காட்டு மாந்தரைப் பற்றிய பழைய செய்திகளை நோக்குவோம். மகாவமிசம், விசயனுக்கும் குவேனிக்கும் பிறந்த மக்கள் மலைநாட்டுக் காட்டிற் புகுந்து பெருகினர் என்றும், அவர் வழியினரே புலிந்தர் என்றும் கூறும். வேடரைப் பற்றிய முதற் குறிப்பாக இதனை அறிஞர் பலர் கொள்வர். கி. பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த சீன யாத்திரிகர் பாகியான், இத்தீவில் முதலில் மக்கள் இலர் என்றும், பூதரும் நாகருமே வாழ்ந்தனர் என்றும் எழுதினார். வணிகர் வந்தபோது அவர்கள் தம்முருவைக் காட்டாது, பண்டங்களை விலைக்குறியொடு வைத்துவிட, வணிகர் விலையை வைத்துப் பண்டத்தை எடுத்துச் சென்றனராம். பூதர் என்னும் பெயரை நீக்கி நோக்கின், முகங்காணாது பண்டம் மாற்றும் ஒரு வணிக வழக்கே இங்குப் பேசப்படுகின்றது எனலாம்.

அவ்வழக்கை ஆயிரத்திருநூறு ஆண்டுகளின் பின்னர் வேடரிடத்தே கண்டெழுதியவர் உரொபேட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயர். அவர் 1660-இல் கொட்டியாரக் குடாவிற் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிபட்டார். அவ்விடம் மேற்கூறிய அடியார் வழியிலேயே உள்ளமை கருதத்தக்கது. பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிற் காவலில் இருந்து, 1679-இல் அநுராதபுரக் காடுகளின் வழியாகத் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681-இல் இலண்டனில் வெளிவந்த அவர் நூல் விந்தனைக் காட்டு வேடரைப் பற்றிப் பல செய்திகளைத் தருகின்றது. அவர்கள் பயிரிடுவதில்லை, வில்லில் வல்லவர், மரப்பொந்திலுள்ள தேனை வெட்டியெடுக்கச் சிறு கோடரி ஒன்றை இடையிற் செருகியிருப்பர், மகட்கொடைக்கு வேட்டை நாய்களைச் சீராகத் தருவர் என்கிறார். அம்புமுனை வேண்டின், இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய வடிவில் வெட்டிய இலையையும் வைத்துச் செல்வராம். கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிடின் இரவில் அம்பு பாயும்.

இச்செய்தியில் ஒன்று தெளிவாகின்றது. வேடர் உலகறியாத தனியர் அல்லர். அவர்க்கு இரும்பு தேவைப்பட்டது. ஊரார்க்கு இறைச்சியும் தேனும் தேவைப்பட்டன. ஆயின், யார் யாரை எப்பொழுது காண்பது என்பதை வேடரே வகுத்தனர். காடு அவர் கையில் இருந்தவரை அவ்வுரிமையும் அவரிடம் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி காட்டினுள் வழிகளை வெட்டியது. அவ்வழியே ஆராய்வோர் வந்தனர். இத்தீவை மிதியாமலே எழுதியோரும் உளர்: செருமானிய அறிஞர் உருடோல்பு விர்ச்சோ, தமக்குக் கிடைத்த மண்டையோடுகளையும் பிறர் குறிப்புகளையும் கொண்டே 1881-இல் வேடரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சரசின் உறவினர் இருவர் 1883-ஆம் ஆண்டு முதல் இங்கு வந்து ஆய்ந்தனர். வேடரின் உடலளவுகள் அவர் நூலிற் பேரிடம் பெற்றன. வேடர் சிரிக்கவே அறியார் என்று ஆட்சொர்ண் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1876-இல் எழுதினார். பின் வந்தோர் இக்கூற்றை மறுத்தனர். அறிமுகமில்லா அதிகாரி முன்னிலையில் நிறுத்தப்பட்டோர் சிரியாதிருந்தமை வியப்பன்று. சிரிப்பின்மையை ஓர் இனத்தின் இயல்பாகக் கொண்டமையே வியப்பு.

இவர்களினும் மேம்பட்டவர் செலிக்மன் தம்பதியர். அவர்கள் வேடரிடையே சென்று தங்கி, இறந்த சுற்றத்தாரின் ஆவிகளை வழிபடுதலே அவர் சமயத்தின் உயிர்நிலை என்பதைக் கண்டு, 1911-இல் வெளியிட்ட நூலில் விரித்தனர். எனினும், அவர்கள் தேடியது கலப்பில்லா வேடரை. அத்தகையோர் மிகச் சிலரே கிடைத்தனர். பயிர் செய்தவரும், ஊராரொடு மணவுறவு கொண்டவரும், தமிழ் பேசியவரும் மாறிப்போனவர்களாக எண்ணப்பட்டனர். பின்வந்த குடிக்கணக்குகளிலும் இப்போக்கு நிழலிடுகின்றது. 1911-இல் ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த வேடர் தொகை, 1946-இல் ஏறத்தாழ 2,400 ஆகவும், 1963-இல் ஏறத்தாழ 400 ஆகவும் குறிக்கப்பட்டது. இத்துணைப் பேரும் மாண்டு போயினர் அல்லர். பலர் சிங்களவர் என்றோ தமிழர் என்றோ எழுதப்பட்டனர். வேடர் ஒழிந்தனர் என்ற முடிவில், எண்ணும் முறைக்கும் ஒரு பங்கு உண்டு.

தமிழராக எழுதப்பட்டோருள் கரையோர வேடர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். மூதூர் தொடங்கி வெருகல், கதிரவெளி, வாகரை வரையுள்ள கடற்கரையிலும் அதனையடுத்த காட்டிலும் இவர்கள் வாழ்கின்றனர். மீன்பிடித்தலும், சேனைப் பயிரும், தேனெடுத்தலும் இவர்க்குரிய தொழில்கள். பேசுவது தமிழ். முருகனையும் அம்மனையும் வழிபடுவதோடு, முன்னோர்க்கும் குமார தெய்வத்துக்கும் சடங்கெடுக்கும் வழக்கமும் இவரிடம் உண்டு. நம் அடியார் இவ்வூர்களினூடே நடந்து செல்கின்றனர். வேடரைக் காணப் பிற நாட்டார் கடல் கடந்து வந்தபோது, அவரொடு ஒரே மொழி பேசிய யாழ்ப்பாணத்தார் அவரைப் பற்றி எழுதியவை மிகக் குறைவு. ஏடும் எழுத்தாணியும் பல நூற்றாண்டாகக் கைக்கொண்ட ஒரு சமுதாயத்துக்கு இது பெருமை தருவதன்று.

ஆயினும், எழுத்தில் இல்லாதது வழிபாட்டில் உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவ வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை குறித்தார். ஆண்டுதோறும் நம் கோயில்களிற் புராண படனம் நிகழ்கின்றது; வள்ளியம்மை திருமணப் படலம் விழாவாகவே கொண்டாடப்படுகின்றது. அப்படலத்தில் வேடர் தலைவன் நம்பியின் மகளாக வளர்ந்தவள் வள்ளி. அவளை நாடிச் செல்லும் முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தனாகவும் வருகின்றான். தேனும் தினைமாவும் அவள் கையில் ஏற்று உண்கின்றான். கச்சியப்பர் இதனைத் தொண்டைநாட்டு வள்ளிமலையில் நிகழ்ந்ததாகப் பாட, ஈழத்து மரபோ கதிர்காமத்திலேயே நிகழ்ந்ததாகக் கொள்ளும்.

கதிர்காமத்தில் வள்ளியின் கோயில் தனியே உள்ளது. விழாக்காலத்து ஊர்வலம் முருகன் சந்நிதியிலிருந்து அங்குச் சென்று மீள்கின்றது. அங்குப் பூசை செய்யும் கப்புறாளைமார் தம்மை வேடர் வழியினர் என்பர். அவர்கள் வாயைத் துணியாற் கட்டி, மந்திரமின்றித் திரைக்குப் பின்னே பூசை செய்வர். இவ்வாய்கட்டும் பூசையே தொண்டைமானாற்றுச் சந்நிதியிலும் வழங்குகின்றது. அதனாலேயே அது சின்னக் கதிர்காமம் எனப்படுகின்றது. வழிநடையின் இரு முனைகளையும் இணைப்பது ஆகம வழிப்பட்ட பூசையன்று, காட்டுக் கோயிலின் பூசை என்பது சிந்திக்கற்பாலது. இடையிலும் மட்டக்களப்பின் தொன்மையான கோயில்கள் சிலவற்றின் மரபு, இறைவனை முதலிற் கண்டவன் வேடனே எனக் கூறும்; கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில் அவற்றுள் ஒன்று.

இத்துணை நெருங்கிய உறவினரின் காட்டுக்கு 20-ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது யாது? யால 1938-இற் தேசிய வனமாயிற்று. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் வேடர் வேட்டையாடிய நிலத்திற் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. எஞ்சியவற்றிற் குடியேற்றங்கள் எழுந்தன. 1970-இற் குமணைப் பகுதியும் தேசிய வனமாயிற்று. மகாவலித் திட்டத்தின் பின் 1983 நவம்பரில் மாதுறு ஓயாக் காடும் அவ்வாறே அறிவிக்கப்பட, அங்கு வாழ்ந்த வேடர் பலர் கெனானிகலை போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். தம்பானையில் முதியவர் தீசாகாமி சில குடும்பங்களொடு காட்டை விட்டகல மறுத்தார். நேற்றுவரை வேட்டையாகவும் தேனெடுத்தலாகவும் இருந்தவை ஓர் அறிவித்தலால் குற்றங்களாயின. தீசாகாமி 1998-இல் மறைந்தார். அவர் மைந்தர் வன்னிலா எத்தோ 1996-இலேயே செனீவா சென்று, ஐக்கிய நாடுகள் அவையின் பழங்குடி மக்கட் குழுவின் முன் தம்மவர் குறையை எடுத்துரைத்தார். காடு வாழ்நர் என்பதே அம்மக்கள் தமக்கு வழங்கும் வன்னியல எத்தோ என்னும் பெயரின் பொருள். கரையோர வேடரோ, 2004-இன் ஆழிப்பேரலையாலும், 2006, 2007-ஆம் ஆண்டுகளில் வாகரையில் மூண்ட போராலும் இடம்பெயர்ந்து வருந்தினர்.

போரால் அடியார் வழிநடையும் தடைப்பட்டது. போர் ஓய்ந்தபின் சந்நிதியிலிருந்து மீண்டும் நிகழ்கின்றது. குமணைக் காட்டுவழி விழாக் காலத்தில் அடியார்க்கெனக் குறித்த நாள்களுக்குத் திறக்கப்படுகின்றது. இது நன்றே. ஆயின், ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழிபடச் செல்வோர்க்குக் காட்டில் வழியுண்டு. விலங்கைக் காண வண்டியில் வருவோர்க்கும் வழியுண்டு. மாதுறு ஓயாவிலே காட்டையே வாழ்வாகக் கொண்டிருந்தோர்க்கு மட்டும் வாயில் அடைபட்டது. தம்பானைக்குச் செல்வோர் இன்று வில்லேந்திய முதியோரைக் கண்டு படம் பிடித்து மீள்கின்றனர். பண்டு காண்பதற்குரிய வேளையை வகுத்த மக்கள் இன்று காட்சிப் பொருளாயினர்.

காட்டைக் காத்தல் வேண்டாவெனக் கூறுதல் நம் கருத்தன்று. யானையும் கரடியும் நாரையும் வாழ இடம் வேண்டும். ஆயின், அக்காடு பல்லாயிரம் ஆண்டுகள் வேடர் கையிலிருந்தும் அழியாதிருந்தது. அதனைக் காப்பதற்கு அவர்களை அகற்றுவதா, துணைக்கொள்வதா என்னும் வினாவுக்கு, நூலறிவினும் பட்டறிவே தக்க விடை தரும்.

கந்தபுராணத்தில் முருகன் வள்ளியைக் களவிற் கூடி அழைத்துச் சென்றான். வேடர் தொடர்ந்து வந்து பொருது வீழ்ந்தனர். கதை அவ்வளவில் முடியவில்லை. வீழ்ந்தோர் உயிர்பெற்றெழுந்தனர், முருகன் வேடர் ஊருக்கு மீண்டான், நம்பி தன் இல்லத்தில், தன் கையால், மகளை மணஞ்செய்து கொடுத்தான். வல்லமை மிக்க கடவுளும் வேடர் ஊருக்குத் திரும்பிச் சென்று, தந்தை தரப் பெற்ற பின்னரே அது மணமாயிற்று. இப்படலத்தை ஆண்டுதோறும் படித்துப் பயன் சொல்லும் நாட்டினர் நாம். வெருகலிலும் வாகரையிலும் நம் அடியார் கடந்து செல்லும் குடிசைகளில் வாழ்வோர், நாம் வணங்கும் வள்ளியின் சுற்றத்தார். அவர் பெயரையும், வழக்கையும், குறையையும் அவர் வாய்மொழியாற் கேட்டு எழுதுவதும், அவர் காட்டைப் பற்றிய முடிவுகளில் அவர் இசைவைக் கேட்குமாறு வற்புறுத்துவதும் கற்றோர்க்குரிய கடன். வரலாறு பயிலும் இளைஞர் வழிநடைக்குப் புறப்படும்போது இக்கடனையும் உடன்கொண்டு செல்வாராக.